குபெர்னெட்டிஸ் அமைப்புத் தரவுகளை ஏபிஐ வழியாகப் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர்கள் பலர் நாள்தோறும் கையாளும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர்கள் (செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் கணினித் தொகுப்புகள்) மும்பை ரீஜனில் ஓடுபவை. “புரொடக்‌ஷனில் இப்போது எந்த டேட்டாபேஸ் முகவரி இருக்கிறது?” என்று யாராவது கேட்டால், அதன் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லில் கட்டளை ஒன்றை ஓட்டி, திரையில் வந்ததை நகலெடுத்து அனுப்புவதே இன்னும் பல அணிகளின் வழக்கமாக இருக்கிறது. ஒருவர் ஒருமுறை கேட்கும்போது இது போதும். ஆனால் பல சூழல்களின் அமைப்பை ஒப்பிட வேண்டியிருந்தாலோ, வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவில் ஊர்ப் பேருந்து ஏறிவிட்டவருக்குப் பதிலாக வேறொருவர் அதே வேலையைச் செய்ய வேண்டியிருந்தாலோ, அதற்கு ஓர் உறுதியான வழி தேவைப்படுகிறது. அந்த வழி குபெர்னெட்டிஸின் ஏபிஐ, அதாவது நிரல்கள் அதனோடு நேரே பேசும் இடைமுகம். கியூப்சிடிஎல் கருவியும் உள்ளுக்குள் அதையே அழைக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏபிஐ தரும் பதில், எட்சிடி என்ற தரவுக் கிடங்கில் பதிவாகியிருக்கும் அமைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் (செயலி தன் தேவைகளோடு ஓடும் தனி உறை) அதே மதிப்பைப் பயன்படுத்துகிறது என்பதற்கு அந்தப் பதில் மட்டும் சான்றாகாது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதுதான் இத்துறையில் நான் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர். ஆறாம் படியை நீளமாக எழுதியிருப்பதற்குக் காரணம் அதுவே. கட்டளைகளையும் முகவரிகளையும் நாம் வாசிக்கும் ஒலியிலேயே தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவை வழக்கமான சிறிய எழுத்துகளில் அமையும்.

படி 1: சர்வரின் முகவரியும் பாதையும்

‘கியூப்சிடிஎல் கிளஸ்டர்-இன்ஃபோ’ என்ற கட்டளை ஏபிஐ சர்வரின் முகவரியைக் காட்டும். கியூப்சிடிஎல்லின் இணைப்பு விவரங்கள் இருக்கும் கியூப்கான்ஃபிக் கோப்பில் ‘சர்வர்’ என்ற வரியிலும் அதே முகவரி இருக்கும். கியூப்அட்மின் என்ற நிறுவல் கருவி கொண்டு நிறுவிய கிளஸ்டர்களிலும், குபெர்னெட்டிஸ் மேல் அமைந்த தளமான ஓப்பன்ஷிஃப்டிலும் போர்ட் எண் 6443 ஆக இருப்பது வழக்கம். கிளவுட் நிறுவனங்கள் நிர்வகித்துத் தரும் கிளஸ்டர்களில் பெரும்பாலும் 443.

முகவரி கிடைத்தவுடன் டோக்கன் (அடையாளம் காட்டும் சரம்) எதுவும் இல்லாமல் ‘/வெர்ஷன்’ என்ற பாதையைக் கர்ல் என்ற இணைய அழைப்புக் கருவி கொண்டு அழைத்துப் பாருங்கள். பெரும்பாலான கிளஸ்டர்களில் இந்தப் பாதை அனைவருக்கும் திறந்திருக்கும். பதிலே வராமல் நேரம் கடந்து இணைப்பு அறுந்தால், சிக்கல் அனுமதியில் இல்லை, நெட்வொர்க்கில் இருக்கிறது: கிளஸ்டரின் முகவரி தனியார் நெட்வொர்க்குக்குள் மட்டும் திறந்திருக்கலாம், வீட்டிலிருந்து வேலை செய்யும் நீங்கள் விபிஎன் இணைப்பைப் போடாமல் இருக்கலாம். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் நேரே டோக்கனை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் வீணாக நேரம் இழக்கிறார்கள்.

சான்றிதழை நம்ப முடியவில்லை என்று கர்ல் சொன்னால், சரிபார்ப்பையே அணைத்துவிடும் ‘-கே’ தேர்வை நாடாதீர்கள். சரிபார்ப்பு இல்லாத இணைப்பில் நீங்கள் அனுப்பும் டோக்கன் நடுவில் இருப்பவர் கைக்குப் போகக்கூடும். கியூப்கான்ஃபிக் கோப்பில் பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) வடிவில் இருக்கும் சிஏ சான்றிதழை, அதாவது சர்வரின் சான்றிதழுக்கு உறுதியளிப்பவரின் சான்றிதழை, பிரித்து ஒரு கோப்பாகச் சேமித்து, ‘--சிஏசெர்ட்’ தேர்வில் அதைக் கொடுப்பதே முறை.

படி 2: யார் கேட்கிறார், எதுவரை கேட்கலாம்

அமைப்பைப் படிக்கும் ஸ்கிரிப்டுக்கு உங்கள் சொந்த அட்மின் அடையாளத்தைக் கொடுக்கக் கூடாது. அதற்கென ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (நிரல்களுக்கான கணக்கு) உருவாக்குங்கள். ‘பில்லிங்’ என்ற நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு பிரிவில்) ‘கான்ஃபிக்-ரீடர்’ என்று அதற்குப் பெயரிட்டதாக வைத்துக்கொள்வோம். பிறகு, செயலிகளின் அமைப்பு மதிப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக்மேப்களின் மேல் ‘கெட்’, ‘லிஸ்ட்’ என்ற இரண்டு செயல்களை மட்டும் அனுமதிக்கும் ஒரு ரோலையும், அந்த ரோலை அக்கவுன்டோடு பிணைக்கும் ரோல்பைண்டிங்கையும் உருவாக்குங்கள். ஒரே ஒரு கான்ஃபிக்மேப் போதுமென்றால் ரோலில் ‘ரிசோர்ஸ்நேம்ஸ்’ என்ற பகுதியில் அதன் பெயரைக் குறித்து, ‘கெட்’ அனுமதியை அதற்குள் அடக்கிவிடலாம்.

இந்த வேலையைச் சுருக்கிக்கொள்ள, முன்பே கிளஸ்டரில் இருக்கும் ‘வியூ’ என்ற கிளஸ்டர்ரோலை (கிளஸ்டர் அளவிலான ரோலை) பலர் பிணைத்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை வைக்கும் சீக்ரெட்களை அது காட்டாது என்பது உண்மை. கான்ஃபிக்மேப்கள் அனைத்தையும் காட்டும் என்பதும் உண்மை. கான்ஃபிக்மேப்பில் யாரோ அவசரத்தில் எழுதிவைத்த பாஸ்வேர்டு ஒன்று இருந்தால் அதுவும் அந்த வழியாக வெளியே போகும். ஆகவே ரோலை நாமே எழுதுவதற்குச் செலவாகும் நேரம் வீணல்ல.

அனுமதி சரியாக அமைந்ததா என்பதை, டோக்கன் வாங்குவதற்கு முன்பே ‘கியூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ கெட் கான்ஃபிக்மேப்ஸ்’ என்ற கட்டளையோடு ‘--ஆஸ்’ தேர்வில் ‘சிஸ்டம்:சர்வீஸ்அக்கவுன்ட்:பில்லிங்:கான்ஃபிக்-ரீடர்’ என்ற முழுப் பெயரைக் கொடுத்துச் சோதிக்கலாம். அதே கட்டளையைச் சீக்ரெட்களுக்கும் ஓட்டி, ‘நோ’ என்று வருகிறதா என்பதையும் பாருங்கள். எதைப் படிக்க முடியும் என்பதைவிட எதைப் படிக்க முடியாது என்பதை உறுதிசெய்துகொள்வது பின்னாளில் அதிகம் உதவும்.

டோக்கனை ‘கியூப்சிடிஎல் கிரியேட் டோக்கன் கான்ஃபிக்-ரீடர்’ என்ற கட்டளை தரும். குபெர்னெட்டிஸ் 1.24 முதல், சர்வீஸ் அக்கவுன்ட் உருவானவுடன் காலாவதி இல்லாத டோக்கன் ஒன்று சீக்ரெட்டாகத் தானே பிறப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் பின்பற்றி அந்தச் சீக்ரெட்டைத் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காது. இப்போது வரும் டோக்கன் பொதுவாக ஒரு மணி நேரம் செல்லும். ‘--டியூரேஷன்’ தேர்வால் காலத்தை மாற்றலாம், ஆனால் 10 நிமிடங்களுக்குக் கீழே இறங்க முடியாது. டோக்கனைக் கட்டளை வரியில் நேரே ஒட்டினால் அது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். எனவே டோக்கனைக் கொண்டுசெல்லும் ஹெச்டிடிபி தலைப்பு வரியை முழுவதுமாக உங்களுக்கு மட்டும் படிக்க அனுமதியுள்ள ஒரு கோப்பில் எழுதி, கர்லின் ‘-ஹெச்’ தேர்வுக்குப் பின் ‘@’ குறியோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

கையால் சில பாதைகளை அழைத்துப் பார்ப்பதற்கு ‘கியூப்சிடிஎல் பிராக்ஸி’ எளிது. அது உங்கள் கணினியின் 8001 போர்ட்டில் திறந்து, அடையாளம் காட்டும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அணியில் பலர் உள்நுழைவதற்காகப் புழங்கும் இடைக் கணினியான ஜம்ப் சர்வரில் மட்டும் அதை ஓட்டாதீர்கள். அந்த மெஷினில் இருக்கும் யாரும் உங்கள் அனுமதியோடு கிளஸ்டருக்குள் போக முடியும்.

படி 3: ஒரு கான்ஃபிக்மேப்பைப் பெறுதல்

பாதைகளின் அமைப்பு இரண்டு வகை. பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு), சர்வீஸ், கான்ஃபிக்மேப், சீக்ரெட் போன்ற அடிப்படைப் பொருள்கள் ‘/ஏபிஐ/வி1’ என்பதன் கீழ் வரும். டெப்ளாய்மென்ட் (பாட்களை உருவாக்கி நிர்வகிப்பது) போன்றவை ‘/ஏபிஐஸ்/ஆப்ஸ்/வி1’ என்று குழுவின் பெயரோடு வரும். முதலாவதில் ‘ஏபிஐ’ ஒருமை, இரண்டாவதில் பன்மை. இந்த ஓர் எழுத்து மாறினாலே 404 வந்துவிடும். நமக்கு வேண்டிய முழுப் பாதை இது:

/ஏபிஐ/வி1/நேம்ஸ்பேசஸ்/பில்லிங்/கான்ஃபிக்மேப்ஸ்/ஆப்-செட்டிங்ஸ்

பாதையில் ஐயம் வந்தால், வழக்கமான கியூப்சிடிஎல் கட்டளையோடு ‘-வி=6’ சேர்த்து ஓட்டுங்கள். அது அழைத்த முகவரியை அப்படியே அச்சிட்டுக் காட்டும். 8 என்று கொடுத்தால் பதிலின் உடலையும் காட்டும். ஏபிஐ கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது.

பதில் ஜேசன் வடிவில் வரும். ‘டேட்டா’ என்ற பகுதியில் திறவுச்சொற்களும் மதிப்புகளும் இருக்கும். எழுத்தல்லாத பைட்டுகளாக வைத்த கோப்புகள் ‘பைனரிடேட்டா’ என்ற தனிப் பகுதியில் பேஸ்64 வடிவில் இருக்கும். ‘டேட்டா’வை மட்டும் எடுத்துவிட்டு முழு அமைப்பையும் சேமித்துவிட்டதாக நம்பும் ஸ்கிரிப்ட்கள் இரண்டாவதைத் தவறவிடுகின்றன. மதிப்புகள் அனைத்தும் சரங்களே. ‘ரீட்ரை-கவுன்ட்’ என்பதன் மதிப்பு 5 என்றிருந்தாலும் அது மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்து ‘5’. அதை எண்ணாகக் கொள்வது உங்கள் ஸ்கிரிப்டின் பொறுப்பு. ஒரு மதிப்பே முழு யாமல் கோப்பாகவும் இருக்கலாம். அப்போது ஜேசனை ஒருமுறையும் யாமலை மறுமுறையும் என இரண்டு அடுக்காகப் பிரிக்க வேண்டும். ஒரு கான்ஃபிக்மேப்பின் தரவு 1 மெபிபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் ஒற்றை அழைப்பில் நினைவகம் நிரம்பிவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

பிழைக் குறிகளை எண்ணை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், ‘மெசேஜ்’ பகுதியைப் படித்துப் பழகுங்கள். 401 வந்தால் டோக்கன் காலாவதியாகியிருக்கலாம் அல்லது சிதைந்திருக்கலாம். 403 வந்து, செய்தியில் ‘சிஸ்டம்:அனானிமஸ்’ என்ற பெயர் இருந்தால், உங்கள் தலைப்பு வரி சர்வரைச் சென்றடையவே இல்லை என்று பொருள். ரோலைத் திருத்தப் போக வேண்டாம். உங்கள் சர்வீஸ் அக்கவுன்டின் பெயரே இருந்தால் மட்டும் ரோலைப் பாருங்கள். அனுமதிச் சோதனை முதலில் நடப்பதால், இல்லாத பொருளைக் கேட்டாலும் அனுமதி இல்லாதவருக்கு 403தான் வரும். 404 வந்துவிட்டால் அனுமதி சரி, பெயரோ நேம்ஸ்பேஸோ பாதையோ தவறு.

படி 4: பலவற்றை ஒருசேரப் பெறுதல்

கான்ஃபிக்மேப்பின் பெயரை விட்டுவிட்டு ‘கான்ஃபிக்மேப்ஸ்’ என்பதோடு பாதையை நிறுத்தினால், அந்த நேம்ஸ்பேஸில் உள்ள அனைத்தும் ஒரு பட்டியலாக வரும். ‘லேபிள்செலக்டர்’ அளவுருவால் உங்கள் அணியின் லேபிள் உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம். பட்டியல் பெரிதென்றால் ‘லிமிட்’ அளவுருவில் ஓர் எண்ணைக் கொடுங்கள். கியூப்சிடிஎல் தானாகவே 500 என்று கொடுக்கிறது. மிச்சம் இருந்தால் பதிலின் மெட்டாடேட்டாவில் ‘கன்டினியூ’ என்ற சரம் வரும். அடுத்த அழைப்பில் அதைத் திருப்பிக் கொடுத்து, அது வெறுமையாகும் வரை தொடர வேண்டும். இடையில் நீண்ட நேரம் நிறுத்திவைத்தால் அந்தச் சரம் காலாவதியாகி 410 வரும். எட்சிடியின் பழைய பதிவுகள் இயல்பாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை சுருக்கப்படுவதே இதற்குக் காரணம். எனவே பக்கங்களுக்கு நடுவில் கனமான வேலைகளைச் செய்யாமல், முதலில் அனைத்தையும் சேகரித்துவிட்டுப் பிறகு அலசுங்கள்.

படி 5: சீக்ரெட்கள்

சீக்ரெட்டின் பாதையும் அதே வடிவம்தான். அதன் ‘டேட்டா’ பேஸ்64 வடிவில் வரும். பேஸ்64 என்பது குறியாக்கம் மட்டுமே, பாதுகாப்பு அன்று. பதில் கையில் கிடைத்த எவரும் அதைப் பிரித்துவிடலாம். எட்சிடியில் சேமிக்கும்போது மறையாக்கம் செய்வதைக் கிளஸ்டர் நிர்வாகி தனியாக அமைக்க வேண்டும். அப்படி அமைத்திருந்தாலும் ஏபிஐ பதிலில் மதிப்பு பிரிக்கப்பட்டே வரும்.

அனுமதி விஷயத்தில் ஒரு நுட்பம் இங்கே முக்கியம். சீக்ரெட்களின் மேல் ‘லிஸ்ட்’ அனுமதி கொடுத்தால் பெயர்கள் மட்டும் தெரியும் என்று எண்ணுவோர் உண்டு. அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றின் உள்ளடக்கமும் சேர்ந்தே வருகிறது. ஆகவே ‘லிஸ்ட்’, ‘வாட்ச்’ இரண்டையும் ‘கெட்’டுக்கு நிகரான அனுமதிகளாகவே கருத வேண்டும். மெட்டாடேட்டாவை மட்டும் சேமிப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது: ‘கியூப்சிடிஎல் அப்ளை’ கொண்டு உருவாக்கிய சீக்ரெட்டின் ‘லாஸ்ட்-அப்ளைடு-கான்ஃபிகரேஷன்’ என்ற குறிப்பில் அதே பேஸ்64 மதிப்புகள் இன்னொரு முறை இருக்கும்.

பிரித்த மதிப்பு சரியாகத் தெரிந்தும் டேட்டாபேஸ் அதை மறுத்தால், இறுதியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘எக்கோ’ கட்டளை தரும் வெளியீட்டைப் பேஸ்64 ஆக்கிச் சேமித்தவர் ‘-என்’ தேர்வை மறந்திருந்தால் அந்தக் குறியும் பாஸ்வேர்டின் பகுதியாகிவிடும். திரையில் அது தெரியாது. பைட்டுகளை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கும்.

படி 6: பதிவில் உள்ளதும் ஓடுவதும்

இப்போது மையமான பகுதிக்கு வருவோம். ‘ஆப்-செட்டிங்ஸ்’ கான்ஃபிக்மேப்பில் ‘டிபி-ஹோஸ்ட்’ மதிப்பைப் பகலில் யாரோ மாற்றினார்கள் என்று கொள்வோம். ஏபிஐயை அழைத்தால் புதிய மதிப்பு வருகிறது. பாட் எதைப் பயன்படுத்துகிறது என்பது, அந்த மதிப்பு பாட்டுக்குள் எவ்வழியாகச் சென்றது என்பதைப் பொறுத்தது.

சூழல் மாறியாக, அதாவது ‘என்வ்’ அல்லது ‘என்வ்ஃப்ரம்’ வழியாகச் சென்றிருந்தால், கன்டெய்னர் தொடங்கிய நேரத்தில் இருந்த மதிப்பே கடைசிவரை நிற்கும். மறுதொடக்கம் செய்யும்வரை மாறாது. வால்யூமாக, அதாவது கோப்புகளாக, இணைத்திருந்தால், ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரின் கணினியிலும்) ஓடும் கியூப்லெட் என்ற நிரல் அந்தக் கோப்பைச் சிறிது நேரத்தில் புதுப்பிக்கும். அந்தத் தாமதம் கியூப்லெட்டின் ஒத்திசைவு இடைவெளியும் அதன் கேஷின் தாமதமும் சேர்ந்தது. கோப்பு மாறிய பின்னும் நிரல் அதை மீண்டும் படிக்குமாறு எழுதப்பட்டிருந்தால்தான் பலன் உண்டு. ‘சப்பாத்’ முறையில் ஒரே கோப்பாக இணைத்திருந்தாலோ, வால்யூம் என்றாலும் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை. இந்த மூன்றாவது வகையில் சிக்கியவர்கள் நெடுநேரம் தவறான இடத்தில் தேடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே முதலில் பாட்டின் விவரத்தை ‘/ஏபிஐ/வி1/நேம்ஸ்பேசஸ்/பில்லிங்/பாட்ஸ்’ பாதையில் பெறுங்கள். ரோலில் பாட்களுக்கான படிப்பு அனுமதியையும் சேர்த்திருக்க வேண்டும். ‘ஸ்பெக்’ பகுதியில் எவ்வகை இணைப்பு என்பது தெரியும். பிறகு ‘ஸ்டேட்டஸ்’ பகுதிக்குள் ‘கன்டெய்னர்ஸ்டேட்டசஸ்’ என்பதில் கன்டெய்னர் ஓடத் தொடங்கிய நேரம் ‘ஸ்டார்ட்டெட்அட்’ என்ற பெயரில் இருக்கும். இதைக் கான்ஃபிக்மேப் கடைசியாக மாறிய நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

அந்த மாறிய நேரத்தைத் தேடிப் பலர் ‘கிரியேஷன்டைம்ஸ்டாம்ப்’ புலத்தைப் பார்க்கிறார்கள். அது கான்ஃபிக்மேப் முதலில் பிறந்த நேரம், திருத்திய நேரமன்று. திருத்திய நேரம் மெட்டாடேட்டாவின் ‘மேனேஜ்ட்ஃபீல்ட்ஸ்’ பகுதியில், எந்தக் கருவி எந்தப் புலத்தைத் தொட்டது என்ற விவரத்தோடு ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். கியூப்சிடிஎல் 1.21 முதல் இப்பகுதியை இயல்பாக மறைத்துவிடுகிறது. ஏபிஐயை நேரே அழைப்பவருக்கு அது முழுவதுமாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு நேரடி அழைப்பே சிறந்தது என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு: ‘மேனேஜ்ட்ஃபீல்ட்ஸ்’ நேரம் 09:12:40 என்றும் இறுதியில் ‘இசட்’ குறியோடும் இருக்கிறது, கன்டெய்னரின் ‘ஸ்டார்ட்டெட்அட்’ அதே நாளில் 06:30:05. இவை சர்வதேச நேரம் என்பதால் நமது கடிகாரத்தில் முறையே பிற்பகல் 2:42, நண்பகல் 12:00. கான்ஃபிக்மேப் மாறுவதற்கு முன்பே கன்டெய்னர் தொடங்கிவிட்டது. மதிப்பு ‘என்வ்’ வழியாகப் போகிறதென்றால், அந்தப் பாட் இன்னும் பழைய டேட்டாபேஸோடுதான் பேசுகிறது என்று கன்டெய்னருக்குள் நுழையாமலேயே உறுதியாகச் சொல்லிவிடலாம். 09:12 என்ற சர்வதேச நேரத்தை இந்திய நேரமென்று யாராவது கொண்டால், காலை 9 மணிக்கு யார் தொட்டார்கள் என்ற தேவையற்ற விசாரணை தொடங்கிவிடும்.

கான்ஃபிக்மேப்பில் ‘இம்மியூட்டபிள்’ என்ற புலம் உண்மையென்று இருந்தால் அதன் தரவை மாற்ற இயலாது. அங்கே இந்த ஒப்பீட்டுக்கான தேவை வெகுவாகக் குறைகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய பெயரில் கான்ஃபிக்மேப் உருவாக்கி, டெப்ளாய்மென்ட்டில் அந்தப் பெயரை மாற்றும் வழக்கம் அணிகளுக்கு நன்மை செய்கிறது. பாட் எந்த அமைப்பில் ஓடுகிறது என்பதற்கு அதன் ‘ஸ்பெக்’ பகுதியே விடை சொல்லிவிடும்.

படி 7: தளத்தின் சொந்த அமைப்பு

செயலிகளின் அமைப்பைப் போலவே கிளஸ்டரின் அமைப்பையும் படிக்கலாம். ‘கியூப்-சிஸ்டம்’ நேம்ஸ்பேஸில் ‘கியூப்அட்மின்-கான்ஃபிக்’, ‘கோர்டிஎன்எஸ்’ என்ற கான்ஃபிக்மேப்கள் கியூப்அட்மின் கிளஸ்டர்களில் இருக்கும். இரண்டாவதில் ‘கோர்ஃபைல்’ என்ற திறவுச்சொல்லின் கீழ் பெயர்த்தீர்வு விதிகள் முழுவதும் உண்டு. ஓப்பன்ஷிஃப்ட் 4 கிளஸ்டரில் ‘கான்ஃபிக்.ஓப்பன்ஷிஃப்ட்.ஐஓ’ என்ற ஏபிஐ குழுவில் இன்கிரஸ், நெட்வொர்க், ஓஆத் முதலியவற்றின் அமைப்புகள் ‘கிளஸ்டர்’ என்ற ஒரே பெயரிலும், பதிப்பு விவரம் ‘வெர்ஷன்’ என்ற பெயரிலும் இருக்கின்றன. இவை நேம்ஸ்பேஸுக்குள் அடங்காதவை என்பதால் பாதையில் ‘நேம்ஸ்பேசஸ்’ பகுதியே வராது. படிக்க ரோலுக்குப் பதில் கிளஸ்டர்ரோல் வேண்டும்.

ஒரு நோடின் கியூப்லெட் உண்மையில் எந்த அமைப்பில் ஓடுகிறது என்பதை ‘/ஏபிஐ/வி1/நோட்ஸ்/’ என்பதை அடுத்து நோடின் பெயர், அதன்பின் ‘/பிராக்ஸி/கான்ஃபிக்இசட்’ என்று அமையும் பாதை தருகிறது. பயனுள்ள பாதைதான். ஆனால் ‘நோட்ஸ்/பிராக்ஸி’ அனுமதி அந்த நோடில் உள்ள பாட்களுக்குள் கட்டளை ஓட்டவும் வழி திறந்துவிடும். அதை ஸ்கிரிப்டின் அக்கவுன்டுக்குக் கொடுக்காமல், தேவைப்படும்போது நிர்வாகி ஒருவரே ‘கியூப்சிடிஎல் கெட் --ரா’ வழியாக எடுத்துத் தருவது நல்லது.

படி 8: பாட்டுக்குள்ளிருந்து அழைத்தல், முடிந்தபின் அகற்றுதல்

ஸ்கிரிப்டைக் கிளஸ்டருக்குள்ளேயே கிரான்ஜாபாக (குறித்த நேரங்களில் ஓடும் வேலையாக) ஓட்டினால் டோக்கனைக் கையால் வாங்க வேண்டியதில்லை. ‘/வார்/ரன்/சீக்ரெட்ஸ்/குபெர்னெட்டிஸ்.ஐஓ/சர்வீஸ்அக்கவுன்ட்’ அடைவில் டோக்கன், சிஏ சான்றிதழ், நேம்ஸ்பேஸ் ஆகிய மூன்றும் கோப்புகளாக இருக்கும், முகவரி ‘குபெர்னெட்டிஸ்.டிஃபால்ட்.எஸ்விசி’. நீண்ட நேரம் ஓடும் நிரல் என்றால் டோக்கனைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கியூப்லெட் அந்தக் கோப்பை அவ்வப்போது மாற்றுவதால், சீரான இடைவெளியில் மீண்டும் படிக்க வேண்டும்.

எடுத்த தரவைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேமிக்கும் முன் ‘ரிசோர்ஸ்வெர்ஷன்’, ‘யுஐடி’, ‘மேனேஜ்ட்ஃபீல்ட்ஸ்’ ஆகியவற்றை ஜேசனைத் திருத்தும் கருவியான ஜேக்யூ கொண்டு நீக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளடக்கம் மாறாத நாளிலும் வேறுபாடு காட்டிக்கொண்டே இருக்கும். ஆறாம் படியின் ஒப்பீட்டுக்கு நேரம் தேவை என்பதால், நீக்கும் முன் அதை மட்டும் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறைத் தணிக்கைக்காக மட்டும் இதைச் செய்திருந்தால், வேலை முடிந்ததும் ‘கான்ஃபிக்-ரீடர்’ சர்வீஸ் அக்கவுன்டை அழித்துவிடுங்கள். அதோடு அதற்கு வழங்கிய டோக்கன்களும் காலம் மிச்சமிருந்தாலும் செல்லாமல் போய்விடும். அதே பெயரில் பின்னர் இன்னோர் அக்கவுன்ட் உருவாக்கினாலும் யுஐடி வேறாக இருப்பதால் பழைய டோக்கன்கள் உயிர்பெறா. ஆனால் ரோல்பைண்டிங் பெயரை வைத்தே பிணைக்கிறது. அதை அழிக்காமல் விட்டால் அதே பெயரில் வரும் புதிய அக்கவுன்டுக்குப் பழைய அனுமதிகள் தாமாகவே வந்து சேரும் என்பதால், ரோல்பைண்டிங்கையும் ரோலையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.